கியாரா மலையும் மிதிவண்டிப் பாதையும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாச் சாலையில் ஒரு மாலைப் பொழுது நின்று பார்ப்பவர்க்கு, சுற்றுலா விளம்பரம் எழுதுவோர் இந்நாட்டுத் தமிழரை எவ்வாறு காண்கின்றனர் என்பது தெற்றென விளங்கும். சேலைக்கடை வாயிலில் பொம்மைக்கு உடுத்திய பட்டு. நடைபாதையோரம் மல்லிகைச் சரம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய வளையல். ஒரு பக்கம் வடையும் தேநீரும். வெளிநாட்டார் வருகின்றனர், படம் பிடிக்கின்றனர், பேரம் பேசுகின்றனர், போகின்றனர். 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலே இச்சாலைக்குப் பெயர் தந்தது என்பதும், அப்பள்ளிவாசலில் தமிழில் சமயவுரை ஒலிப்பது நெடுநாள் வழக்கம் என்பதும் அவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கையிலிருக்கும் விளம்பரத்தாள் அவற்றைச் சொல்வதில்லை. பட்டையும் பூவையும் பலகாரத்தையும் மட்டுமே அது சொல்கிறது.

பிரிக்பீல்ட்சிலும் நிலைமை இதுவே. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து அங்கே 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தனர். தோரண வாயில் எழுந்தது. தூண்களுக்கு வண்ணம் தீட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' என்னும் குடியிருப்பு வரிசை இடித்துத் தள்ளப்பட்டது. இந்நாட்டின் இருப்புப் பாதையை இட்டும் ஓட்டியும் காத்தும் வந்தவருள் தமிழரும் யாழ்ப்பாணத்தவரும் பெரும்பங்கினர். அவர் வாழ்ந்த வீடு போயிற்று. அவரை நினைவூட்டுவதாகச் சொல்லப்படும் தோரணம் நிற்கிறது. இதில் முரண் ஏதும் இருப்பதாகத் திட்டம் தீட்டியவர்க்குத் தோன்றவில்லை.

இந்த மறைப்பு கடைத்தெருவோடு நின்றிருந்தால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். இதனினும் பெரிய மறைப்பு ஒன்று நகரின் மேற்கு விளிம்பில், ஒரு மலையில் நிகழ்ந்துவருகிறது. அம்மலையின் பெயர் புக்கிட் கியாரா.

மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் வசதியான குடியிருப்புக்கும் மொன்ட் கியாரா அடுக்குமாடிகளுக்கும் இடையே அப்பசுமை நிற்கிறது. காலை வேளைகளில் அங்கே நடப்போர், ஓடுவோர், மிதிவண்டியில் மேடேறுவோர் எனப் பலரைக் காணலாம். மலைமிதிவண்டிக்காரர்க்கு அது பேர்பெற்ற இடம். தலைநகரின் நடுவிலிருந்து அரைமணி நேரத்தில் அடையத்தக்க தூரத்தில், மரநிழலில் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகள். வேர்களும் பாறைகளும் குறுக்கிடும் இறக்கங்கள். வேறெந்தத் தலைநகரிலும் எளிதில் கிட்டாத வாய்ப்பு இது என்று வெளிநாட்டு ஓட்டுநர் வியக்கின்றனர். 2026ஆம் ஆண்டை மலேசியச் சுற்றுலா ஆண்டாக அரசு அறிவித்ததிலிருந்து, இயற்கைச் சுற்றுலா, விளையாட்டுச் சுற்றுலா என்னும் சொற்கள் முன்னினும் அடிக்கடி செவியில் விழுகின்றன. புக்கிட் கியாராவையும் ஷா ஆலாம் காட்டையும் கெப்போங் வன ஆய்வுக் கழக வளாகத்தையும் ஒன்றாக இணைத்து, கிள்ளான் பள்ளத்தாக்கை மலைமிதிவண்டிப் பயணத்திற்கு உகந்த வட்டாரமாக உலகுக்கு அறிவிக்கலாம் என்னும் எண்ணம் பலர்க்கும் இனிக்கிறது.

எண்ணம் தவறன்று. கேள்வி வேறு. உலகுக்கு அறிவிக்கப்போகும் மலை எது? அதைத் 'தலைநகரின் நடுவே தப்பிப் பிழைத்த காடு' என்று எழுதுகின்றனர். அஃது உண்மையன்று. புக்கிட் கியாரா காடாக இருந்து தப்பிய இடமன்று. இரப்பர் தோட்டமாக இருந்து, வேலை நின்று, காடாகத் திரும்பிய இடம். அங்கு வளைவுகளில் வண்டி திரும்பும்போது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மரங்களிற் பல, பால்மரங்கள். அவற்றின் பட்டையில் கிழமைக்குக் கிழமை, ஆண்டுக்கு ஆண்டு உளி இறங்கிய தழும்பை இன்றும் காணலாம். அந்த உளியைப் பிடித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

இதை அறிய அரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. 1877இல் பிரேசில் வித்தில் முளைத்த 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டதும், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இரப்பர் விலை ஏறியபோது மலாயாவின் மேற்குக்கரை முழுவதும் தோட்டங்கள் பெருகியதும், அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டதும், 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்ததும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் செய்திகளே. படித்த செய்தியைப் பக்கத்தில் நிற்கும் மரத்தோடு பொருத்திப் பார்க்கத்தான் எவரும் முனைவதில்லை.

இனி, மிதிவண்டிப் பாதை என்பது என்ன என்பதையும் சற்று நோக்குதல் வேண்டும். ஏனெனில் அதை அமைப்போர் பெருமையோடு பேசும் கலை, தோட்டத் தொழிலாளிக்குப் புதிதன்று. நல்ல மலைப்பாதை மலையுச்சியிலிருந்து நேராக இறங்காது. நேராக இறங்கினால் மழைநீர் அதையே ஓடையாக்கிக்கொள்ளும். இரண்டு பருவத்தில் பாதை பள்ளமாகிவிடும். ஆதலால் சரிவின் இடுப்பைச் சுற்றிச் செல்லுமாறு அதை வெட்டுகின்றனர். பாதையின் ஏற்றம், அது அமைந்த சரிவின் செங்குத்தில் பாதிக்கு மேற்படலாகாது. சராசரியாக நூற்றுக்குப் பத்தளவு போதும். வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருந்தால் நீர் தேங்காமல் வழிந்துவிடும். அமெரிக்காவில் 1988இல் தோன்றிய அனைத்துலக மலைமிதிவண்டிச் சங்கம் பரப்பிய நெறிகள் இவை. உலகெங்கும் பாதை வெட்டுவோர் இவற்றையே வேதமாகக் கொள்கின்றனர்.

மலைச்சரிவில் இரப்பர் நட்டவர் செய்ததும் இதனோடு உறவுடைய வேலையே. சரிவைச் சுற்றிச் சமமட்டத்தில் படிவரிசை வெட்டினர். நோக்கம் நீரை நிறுத்துவதாதலின் படியை உட்புறம் சாய்த்தனர். இடையிடையே சிறு கரை விட்டனர். அடித்துவரும் வண்டலைப் பிடிக்கக் குழி தோண்டினர். பெயர்பெற்ற பொறியாளர் எவரும் நாள்தோறும் வந்து இவற்றைத் தோண்டவில்லை. மண்வெட்டியும் கயிறும் கொண்டு வெளிக்காட்டு வேலைக்காரர் வெட்டினர். ஒன்று நீரை வெளியே விடுகிறது, மற்றொன்று உள்ளே நிறுத்துகிறது. இரண்டும் மலையின் உடம்பை அறிந்தவர் செய்யும் வேலைகள். முன்னதற்கு இன்று கையேடும் சான்றிதழும் பயிற்சி முகாமும் உண்டு. பின்னதற்குக் கிடைத்த பெயர் 'கூலி வேலை'.

மிதிவண்டிக்காரர் மீது பழி சுமத்துவதற்காக இது கூறப்படவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமாயின், கியாரா மலையின் பாதைகளிற் பலவற்றை விருப்பத் தொண்டர்கள் தம் கைக்காசு செலவிட்டு, விடுமுறை நாட்களில் வியர்வை சிந்தி வெட்டினர். அரித்த இடத்தை அடைத்தனர். விழுந்த மரத்தை அறுத்தனர். மலையைச் சுற்றிலும் குதிரைச் சவாரிக் கழகமும் கோல்ப் திடலும் உயர்மாடிகளும் நெருக்கியபோது, எஞ்சிய பசுமைக்காகக் குரல் கொடுத்தவருள் அவர்களும் இருந்தனர். அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் தாம் வெட்டிய பாதைக்கு விளையாட்டாக ஓர் ஆங்கிலப் பெயர் சூட்டி, அதைத் திசைகாட்டும் படத்தில் ஏற்றி உலகுக்குக் கொடுக்கும்போது, அந்த இடத்துக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்குமே என்று நினைக்கத் தவறுவது குறையே. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு வெட்டுக்கும் தொழிலாளரிடையே ஒரு பெயர் வழங்கிற்று. மேட்டு நிரை, ஆற்றோர நிரை, கோயில் நிரை என ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப அவை அமைந்தன. கியாராத் தோட்டத்தில் அவை யாவை? அதைச் சொல்லவல்லவர் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். கேட்பார்தாம் இல்லை.

அவர்கள் எங்குச் சென்றனர் என்னும் கதைதான் இம்மலையின் கசப்பான பகுதி.

1980களின் தொடக்கத்தில், மரப்பூங்காவும் தாவரவியல் தோட்டமும் அமைப்பதற்கென அரசு கியாராத் தோட்ட நிலத்தை எடுத்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மலையடிவாரத்தில் வரிசையாகக் கட்டிய நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அவை தற்காலிக வீடுகள் என்றும், நிலையான வீடு பின்னர் வரும் என்றும் சொல்லப்பட்டது. தற்காலிகம் என்னும் சொல் நாற்பதாண்டைக் கடந்தது. லயத்தில் பிறந்தவர் நீண்ட வீட்டில் மணம் புரிந்து, அங்கேயே பேரப்பிள்ளை கண்டனர். ஏறத்தாழ நூறு குடும்பங்கள். பூங்காவுக்கென எடுத்த நிலத்தின் ஒரு பகுதி பொழுதுபோக்குக் கழகங்களுக்குச் சென்றது. பூங்காவுக்காகத் தம் வாழ்விடம் விட்டவர்களோ பூங்காவின் வேலியோரத்தில் தகரக் கூரையின்கீழ் இருந்தனர்.

பின்னர் நேர்ந்தது இன்னும் கொடிது. அடிவாரத்துத் தாமான் ரிம்பா கியாராப் பூங்காவின் ஒரு பகுதியில் உயரடுக்கு வீடுகள் எழுப்ப 2017இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி அளித்தது. 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுக் கட்டடங்கள் விற்பனைக்கு. 29 மாடிக் கட்டடம் ஒன்று மலிவு வீடுகளுக்கு. அந்த ஒன்றில்தான் நீண்ட வீட்டார்க்கு இடம். அதாவது, நாற்பதாண்டுக்கு முன் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதற்கு, எட்டு ஆடம்பரக் கோபுரங்கள் விலையாகக் கேட்கப்பட்டன. அக்கம்பக்கக் குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர்நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிற்று. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை நீக்கிற்று. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்நீக்கத்தை உறுதிசெய்தது. பூங்கா காப்பாற்றப்பட்டது. மகிழ வேண்டிய தீர்ப்பே. ஆனால், அவ்வழக்கில் நீண்ட வீட்டாரின் சங்கம் எத்தரப்பில் நின்றது? கோபுரம் கட்ட வந்தவர் தரப்பில். வேறெங்கே நிற்பர்? மரத்தைக் காக்க வேண்டும் என்பவர்க்கும் வீடு வேண்டும் என்பவர்க்கும் பகைமூட்டி விட்டதில்தான் நாற்பதாண்டு அலட்சியத்தின் முழு உருவம் வெளிப்பட்டது. அம்மரத்தை நட்டவரின் பேரப்பிள்ளைகளே அம்மரத்துக்கு எதிரிகள்போல் நாளேடுகளில் காட்சியளித்தனர்.

இத்தகைய மலையைத்தான் 'தப்பிப் பிழைத்த காடு' என்று வண்ணத்தாளில் அச்சிடுகின்றனர்.

இந்த இடத்தில் தமிழர் தரப்பிலிருந்தே இரண்டு மறுப்புகள் எழும். அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

முதல் மறுப்பு: 'ஆயிரக்கணக்கில் விலையுள்ள மிதிவண்டியில் பணக்காரர் பொழுதுபோக்குவதற்கும் தமிழர் நலத்துக்கும் என்ன தொடர்பு? சுற்றுலா என்பதே வெறும் பகட்டு.' இவ்வாறு பேசுவோர் 2024ஆம் ஆண்டை மறந்தனர் போலும். அவ்வாண்டு ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியாச் சாலையில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை விழுங்கிற்று. ஒன்பது நாள் தேடியும் அவர் கிட்டவில்லை. அத்துயரத்தை அடுத்து அச்சாலையில் கூட்டம் வற்றியது. துணிக்கடையும் உணவுக்கடையும் மாலைக்கடையும் வாடிக்கையாளரின்றி வாடின. வந்துபோவோரை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பது அப்போதுதான் பலர்க்கும் உறைத்தது. சுற்றுலா பகட்டாக இருக்கலாம். அதனால் கிடைக்கும் கூலி பகட்டன்று. கியாரா மலை நாளை உலகம் அறிந்த இடமாகுமாயின், வண்டி வாடகைக்கு விடுவோரும் பழுது பார்ப்போரும் வழிகாட்டுவோரும் உணவு விற்போரும் தேவைப்படுவர். அவ்வேலைகளில் முதல் உரிமை யாருக்கு என்று கேட்பதற்குக் கூச்சம் ஏன்?

மிதிவண்டி தமிழர்க்கு அயலான பொருள் என்பதும் பொய். தோட்டத்தில் கிராணி வண்டியில் வந்தார். ரொட்டிக்காரர் வண்டியில் வந்தார். காண்டா வாளியைத் தோளில் சுமந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை பால் வாளியை மிதிவண்டியில் கட்டி ஓட்டியது. செம்மண் மேட்டில், மழைச் சேற்றில், விளக்கில்லாத விடியலில், கம்பிகளும் பற்சக்கரங்களும் கூடிய நவீன வசதி ஏதுமின்றி ஓட்டியது. அதற்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் மறுப்பு இதனினும் நுட்பமானது. படித்தவர் வாயிலிருந்து வருவது. 'கூலியாக வந்த கதையைப் பலகையில் எழுதி ஊரறியக் காட்ட வேண்டுமா? பிள்ளைகள் மருத்துவரும் வழக்கறிஞரும் ஆகிவரும் காலத்தில் உளியையும் வாளியையும் நினைவூட்டுவது இழிவன்றோ?' இழிவு எனக் கருதுவதே இழிவு. பட்டுச் சேலையை விற்பனைப் பொம்மைக்கு உடுத்திக் காட்டுவது பெருமையாகவும், ஒரு நாட்டின் செல்வத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுத்த தொழில் வெட்கமாகவும் தோன்றுமாயின், கோளாறு தொழிலில் இல்லை. பட்டையைச் சீவும்போது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாமல் சீவ வேண்டும். உளி ஆழ்ந்தால் மரம் புண்ணாகும். மேலோடினால் பால் வாராது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் நானூறு, ஐந்நூறு மரங்களை இந்த நுட்பத்தோடு சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். இஃது அறிவில்லார் செய்யத்தக்க வேலையா?

வேறு நாட்டார் இவ்வாறு வெட்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியத் தீவில் டெர்பி என்றொரு சிற்றூர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குருஷ்கா என்னும் சகோதரர்கள் அவ்வட்டாரத்தில் ஈயம் கண்டனர். பிரிசிஸ் என்னும் சுரங்கம் எழுந்தது. 1929 ஏப்ரலில் சுரங்கத்துக்கு நீர் தேக்கிய அணை உடைந்து 14 பேர் மாண்டனர். பின்னர்ச் சுரங்கம் மூடப்பட்டு ஊர் ஒடுங்கிற்று. கடைகள் அடைபட்டன, இளைஞர் வெளியேறினர். 2015இல் அங்கே மலைமிதிவண்டிப் பாதைகள் திறக்கப்பட்டன; இரண்டே ஆண்டில் உலகப் போட்டி ஒன்று அவ்வூர் தேடி வந்தது. இன்று அதை அறியாத மலைமிதிவண்டிக்காரர் அரியர். கருதத்தக்க செய்தி என்னவெனில், அங்குள்ள பாதைகளின் பெயர்களில் குருஷ்காவும் உண்டு, பிரிசிசும் உண்டு. அணை உடைந்த துயரமும் ஒரு பாதைக்குப் பெயராயிற்று. பழைய சுரங்க வழி ஒன்றினூடே வண்டிகள் செல்கின்றன. ஈயம் தோண்டியவரை மறைத்துவிட்டு 'அழகிய காடு' என்று அவ்வூரார் விளம்பரம் செய்யவில்லை. ஈயமே அவர் விளம்பரம்.

நியூசிலாந்தின் ரோட்டோருவாக் காடு இன்னொரு பாடம். மலைமிதிவண்டிக்கு உலகப் புகழ்பெற்ற அக்காட்டின் நிலம், 2008ஆம் ஆண்டு உடன்பாட்டின் பயனாக மவோரிக் குலங்களுக்கே மீண்டது. வண்டி ஓட்ட வருவோர் அவர் நிலத்தில் விருந்தினராக ஓட்டுகின்றனர். கியாராவில் நிலத்தைத் திருப்பித் தருமாறு எவரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளி ஒருநாளும் நிலவுரிமையாளனாக இருந்ததில்லை என்பது வேறு துயரம். கேட்பது பெயரை மட்டுமே.

இலங்கையோ தமிழர்க்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு. ஆனால் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க எடுத்துக்காட்டு. கண்டி அருகிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் 'பீக்கோ டிரெயில்' என்னும் நெடும்பாதையை 22 கட்டங்களாக வகுத்து உலகப் பயணிகளுக்குத் திறந்துள்ளனர். தேயிலை இறக்கப் போடப்பட்ட பழைய வழிகளே அப்பாதை. பெயரும் ஒரு தேயிலைத் தரத்தின் பெயர். தேயிலைக்குப் பெயர் கிடைத்தது, கொழுந்து கிள்ளியவருக்கு? மலையகத் தமிழர் 2023இல் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து ஊர்வலம் சென்றபோதும், லயன் அறைகளின் கூரைகள் பல இடங்களில் ஒழுகிக்கொண்டுதான் இருந்தன. பச்சைப் பசேல் என்ற சரிவின் படத்தில் கூடையோடு ஒரு பெண் நிற்பாள். அவள் பெயர் படத்தின்கீழ் இராது. கியாரா மலை அந்த வழியில் போய்விடக் கூடாது.

அப்படியாயின் யார் இதைச் செய்வது? சுற்றுலாத் துறை செய்யும், மாநகர் மன்றம் செய்யும் என்று காத்திருந்தால் இன்னும் நாற்பதாண்டு காத்திருக்கலாம். அத்துறைகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்: மலையின் நுழைவாயில்களில் மலாய், ஆங்கிலப் பலகைகளோடு தமிழ்ப் பலகை, தோட்டத்தின் வரலாறு கூறும் ஒரு சிறு காட்சிக்கூடம், பாதைகளிற் சிலவற்றுக்காவது தோட்டத்தார் வழங்கிய பெயர். பாதை வெட்டும் தொண்டர் அமைப்புகளிடமும் இதைக் கேட்கலாம். அவர்கள் மண்ணை நேசிப்பவர்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பலகையில் எழுதத் தமிழரிடம் என்ன இருக்கிறது? இங்கேதான் குற்றம் தமிழ் எழுத்தாளரின், தமிழாசிரியரின் வாயிலுக்கு வந்து நிற்கிறது.

மலேசியத் தமிழிலக்கியம் தோட்டத்தைப் பாடாத நாளில்லை. சிறுகதையில் லயமும், கவிதையில் பால்மரமும், நாடகத்தில் கங்காணியும் தேய்ந்து போகுமளவு வந்துவிட்டனர். கண்ணீர் ஏராளமாகச் சிந்தப்பட்டது. குறிப்பெடுத்தல் மட்டும் நிகழவில்லை. எந்தத் தோட்டத்தில் எத்தனை பிரிவு, எந்த நிரைக்கு என்ன பெயர், பிரட்டுக்களம் எந்த மரத்தடியில் கூடியது, முதல் கோயிலைக் கட்டியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், பள்ளிக்கூடம் எங்கே நின்றது என்று ஒரு தோட்டத்துக்கு ஒரு சிறு நூல்கூட இல்லாத நிலையே பெரும்பாலும் உள்ளது. எல்லாத் தோட்டமும் ஒரே தோட்டமாகக் கதைகளில் கரைந்துவிட்டது. பெயரற்ற சோகம் எவருடைய பலகையிலும் ஏறாது.

பள்ளிகளோ இதற்கு மாறான ஓர் உண்மையைத் தம் நெற்றியிலேயே தாங்கி நிற்கின்றன. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது பல பள்ளிகள் மூடப்பட்டன. சில நகர்ப்புறத்துக்கு இடம் பெயர்ந்தன. இடம் பெயர்ந்தும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்னும் பெயரை விடாத பள்ளிகளை எங்கும் காணலாம். சுற்றிலும் வீடமைப்பும் பேரங்காடியும். தோட்டத்தின் சுவடே இல்லை. பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் அத்தோட்டம் உயிர்வாழ்கிறது. பெயரை மாற்றிப் 'புதுமை' செய்யலாம் என்று அவ்வப்போது எழும் யோசனைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் ஏற்காதிருப்பது மிகவும் சரி. நிலம் போனபின்பும் பெயரைக் காப்பாற்ற இயலும் என்பதற்குத் தமிழ்ப்பள்ளியைவிடச் சான்று வேண்டுமா? பள்ளிக்குச் செய்ததை மலைக்கும் செய்யலாம்.

அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்குப் பள்ளிகள் ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. பெரும்பாலும் மிருகக்காட்சிசாலை, இரட்டைக் கோபுரம், மிஞ்சினால் பத்துமலை. ஒரு முறை எம்.ஆர்.டி. இரயிலில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்தில் இறங்கி, கியாரா மலைக்கு அழைத்துச் செல்லட்டும். பால்மரத்தின் தழும்பைத் தொட்டுப் பார்க்கட்டும். மங்கு, நிரை, பிரட்டு, காண்டா, ஒட்டுப்பால் ஆகிய சொற்களை மரத்தடியில் நின்று கற்கட்டும். வண்டி ஓட்டத் தெரிந்த பிள்ளை, தலைக்கவசம் அணிந்து எளிய பாதையில் ஓட்டிப் பார்ப்பதிலும் தவறில்லை. அம்மலையில் தமிழ்ப் பிள்ளையின் சிரிப்பொலி கேட்க வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்க்கும் ஆசிரியர் பயிற்சி பெறும் இளைஞர்க்கும் வேலை அதனினும் கடினம்: நாற்பதாண்டுக்குமுன் அத்தோட்டத்தில் வேலை பார்த்தவரைத் தேடிச் சென்று கேட்டு எழுதுதல்.

அவ்வேலைக்கு நாள் அதிகமில்லை. 1980இல் இருபத்தைந்து வயதில் உளி பிடித்தவர்க்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. எந்த நிரையில் பாறை இருந்தது, எந்த ஓடையில் வாளி கழுவினர், எந்த மேட்டில் பாம்பு கண்டு ஓடினர் என்பதெல்லாம் அவர் நினைவில் உண்டு, தாளில் இல்லை. மலைமிதிவண்டிக்காரர் அதே பாறையைத் தாண்டுகின்றனர். அதே ஓடையைக் கடக்கின்றனர். அதற்கு வேறொரு பெயர் சொல்கின்றனர். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அந்த முதியவர் வீட்டுக் கதவைத் தட்டும் மாணவன், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'தாத்தா, நீங்கள் மரம் வெட்டிய நிரைக்கு என்ன பெயர்?'